நீலகிரி என்றொரு மரம்

கன்னடத்தில் ‘நீலகிரி’ என்றால் மலை மட்டுமல்ல, ஒரு மரமும்தான். இந்தியிலும் அப்படியே. நாம் அதைத் தைல மரம் என்கிறோம்; உதகைப் பக்கம் கற்பூர மரம். ஆனால் எண்ணெயை மட்டும் நாமும் நீலகிரித் தைலம் என்றே கேட்டு வாங்குகிறோம். ஏதோ அந்த மலையிலேயே தோன்றிய சரக்கு போல!

மலையின் பெயர் பழையது. 12-ஆம் நூற்றாண்டு ஹொய்சளக் கல்வெட்டிலேயே நீலமலை வந்துவிடுகிறது. மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது 1843 வாக்கில்தான்.

அதற்கு முன் உதகையைச் சுற்றி இருந்தவை இரண்டு: மேடெல்லாம் புல்வெளி, மடிப்புகளில் சோலை. 1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். பின்னாலேயே பங்களாக்களும் படைவீடுகளும் வந்தன. குளிர்காய விறகு வேண்டும், வெட்டுப்பட்டது சோலை. சோலை மரங்கள் மெல்ல வளர்பவை, வெட்டிய வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. விறகுக்கென்றே தைல மரத்தை நட்டார்கள். வெட்டினால் அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்க்கும். வெள்ளைக்காரருக்கு அது போதும்.

எங்கே நட்டார்கள் என்பதுதான் முக்கியம். பெரும்பாலும் புல்வெளியில். மரமில்லாத நிலம் அவர்கள் கண்ணுக்குத் தரிசு. தோடர் பழங்குடியினருக்கோ அது எருமைகளின் மேய்ச்சல் நிலம், கோயிலுக்குக் கூரை வேயும் புல் கிடைக்கிற இடம். 12 ஆண்டுக்கொரு முறை குறிஞ்சி பூப்பதும் அங்கேதான். மலைக்கு நீலம் என்ற பெயரே அந்தப் பூவால் வந்தது என்பாரும் உண்டு. அப்படியானால் பூவை விரட்டிய மரமே பூ தந்த பெயரையும் எடுத்துக்கொண்டது. கூடவே வந்த சீகை மரம் நட்ட இடத்தோடு நிற்காமல் தானாகவும் பரவியது. விடுதலைக்குப் பிறகும் நடவு நிற்கவில்லை. மரக்கூழிலிருந்து இழை செய்த சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு மரம் தேவைப்பட்டது.

‘சோலை’ போன வழி வேறு. சங்க காலத்துச் சொல்; ஆங்கிலேயர் வாயில் ‘ஷோலா’ ஆகித் தாவரவியல் நூல்களில் ஏறியது. இப்போது நம் செய்தித்தாள்கள் அதைத் திரும்ப இறக்குமதி செய்து ‘ஷோலாக் காடுகள்’ என்று எழுதுகின்றன. தைலத்தின் பெயரை இனி மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். சோலையையாவது சோலை என்றே எழுதுங்கள்.