சில்லுக்குள் செம்பு

ஐதராபாத் மாநகரின் மெட்டுகுடா வழியே, 2017ஆம் ஆண்டு நவம்பர் திங்கள் முதல், மெட்ரோ வண்டிகள் தூண்களின் மீது ஓடுகின்றன. வண்டிக்கு மேலே மின்சாரம் தாங்கி நிற்பது செம்புக் கம்பி. அதே வண்டியில் அமர்ந்து கைப்பேசியை நோக்கும் பயணியின் உள்ளங்கையிலும் செம்புக் கம்பிகள் இருக்கின்றன. அவை கண்ணுக்குப் புலப்படா. கைப்பேசியின் செயலியிலுள்ள பல நூறு கோடி டிரான்சிஸ்டர்களை ஒன்றோடொன்று இணைப்பவை அவையே. மின்சாரம் செல்லச் செம்பு சிறந்த பாதை என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயினும், சில்லுக்குள் புக அது ஏறத்தாழ 40 ஆண்டுகள் வாயிலில் நிற்க நேர்ந்தது. அதன் காரணத்தை நாம் இங்கே ஆராய்வோம்.

1958இல் அமெரிக்கப் பொறியாளர் ஜாக் கில்பி முதல் ஒருங்கிணைந்த மின்சுற்றைச் செய்து காட்டினார். அதன் உறுப்புகளை இணைத்தவை கையால் பொருத்திய நுண்ணிய தங்கக் கம்பிகள். மறு ஆண்டில் இராபர்ட் நாய்ஸ் வேறொரு வழி கண்டார். சிலிக்கனின் மேல் ஆக்சைடுப் படலம். அதன் மேல் அலுமினியப் பூச்சு. வேண்டாத பகுதியை அரித்து நீக்கினால் எஞ்சுவது கம்பி. அலுமினியம் ஆக்சைடில் நன்றாக ஒட்டும், எளிதில் அரிபடும், சிலிக்கனுக்குத் தீங்கு செய்யாது. ஆகவே சில்லுத் தொழில் முழுவதும் அலுமினியத்தைத் தழுவிற்று.

அக்காலத்தில் செம்புக்குச் சில்லின் வெளியேதான் இடம். ஐதராபாத்தில் 1967ஆம் ஆண்டு தோன்றிய இந்திய மின்னணுக் கழகம், டிராம்பேயில் உருவான டி.டி.சி-12 என்னும் கணிப்பொறியை 1969இல் அளித்தது. இத்தகைய பொறிகளில் உறுப்புகளைத் தாங்கிய அச்சுச் சுற்றுப் பலகைகளில் ஓடியவை செம்புக் கோடுகள். வெளியே ஆட்சி செய்த உலோகம் உள்ளே புகாமல் நின்றமைக்கு இரண்டு தடைகள் இருந்தன.

முதலாவது, செம்பின் அணுக்கள் சிலிக்கனுக்குள் விரைந்து ஊடுருவும். டிரான்சிஸ்டரின் இயல்பையே கெடுத்துவிடும். சில்லுத் தொழிற்சாலைகள் அதனை நஞ்சென அஞ்சி ஒதுக்கின. இரண்டாவது, அலுமினியத்தை வாயுவால் அரிப்பதுபோல் செம்பை அரிக்க இயலாது. அரிப்பில் உண்டாகும் சேர்மங்கள் ஆவியாகிப் போகாமல் அங்கேயே படிந்துவிடும்.

ஆனால் காலம் அலுமினியத்துக்கு எதிராகத் திரும்பியது. டிரான்சிஸ்டர்கள் சிறுத்துச் சிறுத்து விரைவு பெற்றன. கம்பிகளோ சிறுத்தபோது மின்தடை மிகுந்து தாமதம் கொண்டன. அலுமினியத்தின் மின்தடை செம்பினதைப் போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். மேலும், மெல்லிய அலுமினியக் கம்பியில் மிகுந்த மின்னோட்டம் பாயும்போது அணுக்களே தள்ளுண்டு நகரும். நாளடைவில் கம்பி அறுந்துபோகும். செம்பு இக்குறையை நன்கு தாங்கவல்லது.

தீர்வு ஒரு பழைய கைத்தொழிலை நினைவூட்டுவதாக அமைந்தது. முன்னாள் ஐதராபாத் அரசில் அடங்கியிருந்த பீதர் நகரின் பித்ரி வேலையை நாம் அறிவோம். துத்தநாகக் கலவையில் வார்த்த பாத்திரத்தில் பள்ளம் செதுக்கி, வெள்ளியை அதில் பதித்து, மேற்பரப்பைத் தேய்த்துச் சமப்படுத்துவர். சில்லிலும் அவ்வாறே. உலோகத்தை அரிப்பதற்கு மாறாக, காப்புப் படலத்தில் முதலில் பள்ளம் வெட்டினர். டான்டலம் சார்ந்த மெல்லிய சுவரை அதனுள் பூசிச் செம்பு வெளியேறாமல் தடுத்தனர். பின்னர் மின்முலாம் முறையில் செம்பை நிரப்பி, மிகுதியைத் தேய்த்து நீக்கினர். தமாஸ்கஸ் நகரின் பதிப்பு வேலையை ஒட்டி இதற்கு டமஸீன் முறை என்று பெயர்.

ஐ.பி.எம். நிறுவனம் இவ்வெற்றியை 1997 செப்டம்பரில் அறிவித்தது. 1998இல் செம்பு பதித்த பவர்பீசி செயலிகள் விற்பனைக்கு வந்தன. இவ்விடத்தில் ஒரு வேடிக்கையையும் குறிப்பிடல் தகும். 1999இல் இன்டெல் வெளியிட்ட ஒரு பென்டியம் செயலியின் உட்பெயர் காப்பர்மைன், அதாவது செம்புச் சுரங்கம். அது கனடாவிலுள்ள ஓர் ஆற்றின் பெயர். செயலிக்குள் இருந்தனவோ அலுமினியக் கம்பிகளே! 2000ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் அத்லான் செயலி ஜெர்மனியின் டிரெஸ்டனில் செம்போடும், அமெரிக்காவின் ஆஸ்டினில் அலுமினியத்தோடும் செய்யப்பட்டது. 2001இல் 130 நானோமீட்டர் தலைமுறையோடு இன்டெலும் செம்புக்கு மாறியது. பெயரைக் கொண்டு பொருளைத் துணிதல் கூடாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

நம் நாட்டிலும் இவ்விரு தலைமுறைகளும் அருகருகே நிற்கின்றன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான சக்தி செயலியின் ஒரு வடிவம் 2018இல் அமெரிக்காவில் இன்டெலின் 22 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது. அது செம்பின் தலைமுறை. அதே ஆண்டில் மற்றொரு வடிவம் நம் மொஹாலி ஆலையில் 180 நானோமீட்டர் முறையில் வந்தது. அது அலுமினியத்தின் தலைமுறை. விண்ணூர்திகளுக்கான விக்ரம் 3201 செயலியும் அங்கேயே, அம்முறையிலேயே பிறந்தது. முந்திய தலைமுறை என்பதால் அதனை நாம் இகழ்தல் தகாது. ஏவூர்திக்கு வேண்டுவது விரைவினும் நம்பகமே. எனினும், மிக விரைந்த செயலிகளை வரையும் திறன் நம்மிடம் இருந்தும், அவற்றை வார்க்கப் பிற நாட்டு ஆலையை நாடினோம் என்பதையும் மறத்தற்கில்லை. 28 நானோமீட்டர் வரை எட்டும் நோக்குடன் குஜராத்தின் தொலேராவில் 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்ட ஆலை, அக்குறையைத் தீர்க்க எடுத்த ஒரு முயற்சி.

செம்பும் இறுதி விடையன்று. கம்பிகள் மேலும் சிறுக்கையில் காப்புச் சுவரே இடத்தை அடைத்துக்கொள்கிறது. இன்டெல் தன் 10 நானோமீட்டர் முறையில் அடித்தளக் கம்பிகள் சிலவற்றுக்குக் கோபால்டை நாடியது. செம்பின் குணம் 1958இலும் 1997இலும் ஒன்றே. இடையில் மாறியது, அதனை அடக்கி வைக்கும் சுவரைக் கட்டக் கற்ற மனிதரின் கைத்திறன். ஒரு நாடு ஈட்ட வேண்டிய செல்வம் அத்திறனே.