மூன்றாண்டு வசிப்பும் பச்சைச் சீருடையும்: அயர்லாந்து றக்பி இரசிகர்களைப் பிரித்த ஒரு தெரிவு

2019ஆம் ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில், ஜப்பானில் நடைபெறவிருந்த றக்பி உலகக் கிண்ணத் தொடருக்கான 31 பேர் கொண்ட குழாமை அயர்லாந்து அறிவித்தது. அதில் டெவின் டோனரின் பெயர் இருக்கவில்லை. 60இற்கும் மேற்பட்ட சர்வதேசப் போட்டிகளில் ஆடியவர், 2018இல் ‘கிராண்ட் ஸ்லாம்’ வென்ற அணியின் உறுப்பினர், ஏறத்தாழ ஏழு அடி உயரம் கொண்ட ‘லொக்’ வீரர் அவர். அதே நிலையில் ஆடுவதற்கு ஜீன் கிளெய்ன் தெரிவாகியிருந்தார். தென்னாபிரிக்காவில் பிறந்த கிளெய்ன், அயர்லாந்துக்காக ஆடும் தகுதியைப் பெற்று ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

இந்த ஒரு தெரிவு அயர்லாந்து இரசிகர்களை இரண்டாகப் பிரித்தது. தேசிய அணி யாருடையது என்ற கேள்வியும் அதனோடு சேர்ந்து எழுந்தது.

விதி சொன்னது என்ன?

றக்பியில் ஒரு நாட்டுக்காக ஆட அந்நாட்டின் கடவுச்சீட்டு கட்டாயமில்லை. வீரரோ, அவரது பெற்றோரில் ஒருவரோ, பாட்டன் பாட்டியரில் ஒருவரோ அங்கு பிறந்திருந்தால் போதும். இல்லையேல், குறிப்பிட்ட காலம் அங்கு தொடர்ச்சியாக வசித்திருக்க வேண்டும். அன்று அக்காலம் 36 மாதங்கள். 2016இல் மன்ஸ்டர் மாகாண அணியில் இணைந்த கிளெய்ன், 2019 ஓகஸ்டில் அக்காலத்தை நிறைவு செய்தார். அதே மாதம் இத்தாலிக்கு எதிராக அறிமுகமானார்.

ஆகவே அவரது தெரிவில் விதிமீறல் எதுவும் இருக்கவில்லை. இரசிகர்கள் மோதிக்கொண்டதும் விதியைப் பற்றியல்ல, நியாயத்தைப் பற்றியே.

இரு தரப்பு வாதங்கள்

எதிர்த்தவர்களின் முதல் வாதம் டோனரைப் பற்றியது. பல ஆண்டுகளாக அணிக்கு உழைத்த ஒருவரை உலகக் கிண்ணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னர் ஒதுக்குவது, உள்ளூரில் வளரும் இளைஞர்களுக்கு என்ன செய்தியைச் சொல்கிறது என்று அவர்கள் கேட்டனர். ஓகஸ்ட் 24ஆம் திகதி டுவிக்கன்ஹாமில் இங்கிலாந்திடம் 15–57 என அயர்லாந்து தோற்றபோது கிளெய்ன் ஆரம்ப அணியில் இருந்தார். ‘லைன் அவுட்’ எனப்படும் பந்தெறிதலில் அணி அன்று தடுமாறியது. டோனரின் பலமே அதுதான் என்பது அவர்களது கோபத்தை மேலும் கூட்டியது.

இரண்டாவது வாதம் முறைமை பற்றியது. வெளிநாட்டில் தேசிய அணி வாய்ப்புக் கிடைக்காத வீரர்களை மாகாண அணிகள் ஒப்பந்தம் செய்து, மூன்றாண்டுகள் கழிந்ததும் தேசிய அணியில் சேர்க்கும் வழக்கம் அயர்லாந்தில் இருந்தது. ‘திட்ட வீரர்கள்’ என்றே இவர்கள் அழைக்கப்பட்டனர். தேசிய அணி என்பது ஆட்சேர்ப்பு நிறுவனம் அல்ல என்றனர் இத்தரப்பினர்.

ஆதரித்தவர்கள் ஆட்டத்திலிருந்து தொடங்கினர். ‘ஸ்க்ரம்’ மோதலில் வலப்பக்கத்துக்குப் பின்னிருந்து பலம் கொடுக்கக்கூடிய கனமான ஒரு லொக் வீரர் தேவை என்பதே பயிற்றுநர் ஜோ ஷ்மிட்டின் கணக்கு. ஷ்மிட் நியூசிலாந்தில் பிறந்தவர். வெளிநாட்டுப் பயிற்றுநர் தந்த வெற்றிகளைக் கொண்டாடியவர்கள் வெளிநாட்டில் பிறந்த வீரரை மட்டும் ஏன் வெறுக்க வேண்டும் என்று இவர்கள் திருப்பிக் கேட்டனர். அயர்லாந்துக் குடியரசும் பிரித்தானியாவின் பகுதியான வட அயர்லாந்தும் றக்பியில் ஒரே அணியாகவே ஆடுகின்றன. இரு தரப்பும் சேர்ந்து பாடுவதற்கென்றே 1995இல் தனிப் பாடல் ஒன்று உருவாக்கப்பட்டது. குடியுரிமையை அளவுகோலாகக் கொள்ளாத அணி பிறப்பிடத்தை மட்டும் அளவுகோலாக்குவது எப்படி என்பது இவர்களது கேள்வி.

காலம் மாற்றிய பார்வைகள்

ஜப்பானில் அயர்லாந்து பிரகாசிக்கவில்லை. போட்டியை நடத்திய ஜப்பானிடம் 12–19 எனத் தோற்று, காலிறுதியில் நியூசிலாந்திடம் 14–46 என வீழ்ந்தது. ஜப்பான் குழாமிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அதன் தலைவர் மைக்கல் லீச் நியூசிலாந்தில் பிறந்து, 15 வயதில் மாணவராக ஜப்பான் சென்றவர். அவரை அந்நியராகப் பார்த்த இரசிகர்கள் அங்கு அரிது.

அயர்லாந்திலும் இதற்கு உதாரணம் உண்டு. ஓக்லாந்தில் பிறந்த பண்டீ ஆகி 2017இல் தெரிவானபோதும் இதே சர்ச்சை எழுந்தது. 2023 உலகக் கிண்ணத்தின்போது இரசிகர்கள் அதிகம் கொண்டாடிய வீரர்களில் அவரும் ஒருவர். விதி 36 மாதங்களில் தகுதியைத் தந்தாலும், இரசிகர்களின் அங்கீகாரத்துக்கு அதைவிட நீண்ட காலம் தேவைப்பட்டது. கிளெய்னுக்கு அந்தக் காலம் கிடைக்கவில்லை. ஐந்து போட்டிகளுடன் அவரது அயர்லாந்துப் பயணம் நின்றுபோனது.

திரும்பிப் போன வீரர்

வசிப்புக் காலத்தை 60 மாதங்களாக உயர்த்த உலக றக்பி அமைப்பு 2017லேயே முடிவெடுத்திருந்தது. 2022 ஜனவரி முதல் மற்றொரு விதியும் வந்தது. மூன்றாண்டுகள் சர்வதேசப் போட்டிகளில் ஆடாத வீரர், தான் பிறந்த நாட்டுக்கோ பெற்றோர் அல்லது பாட்டன் பாட்டியர் பிறந்த நாட்டுக்கோ ஒரு தடவை மாறலாம். டொங்கா, சமோவா போன்ற பசிபிக் தீவு நாடுகளுக்கு இது பெரும் உதவியாக அமைந்தது.

கிளெய்னும் இதே வழியைப் பயன்படுத்தினார். 2023இல் மன்ஸ்டருடன் சம்பியன் பட்டம் வென்ற கையோடு தென்னாபிரிக்க அணிக்கு அழைக்கப்பட்டார். அப்போது தென்னாபிரிக்க றக்பியின் பணிப்பாளராக இருந்த ரஸீ எராஸ்மஸ், கிளெய்ன் மன்ஸ்டருக்கு வந்த 2016இல் அங்கு பணிப்பாளராக இருந்தவர். செப்டம்பர் 23ஆம் திகதி பாரிஸில் அயர்லாந்து 13–8 என வென்றபோது, எதிரணியின் மாற்று வீரர்கள் வரிசையில் கிளெய்ன் இருந்தார். ஒக்டோபர் 28இல் நியூசிலாந்தை 12–11 என வென்று உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றிய தென்னாபிரிக்காவின் 23 பேரிலும் அவர் இடம்பெற்றார்.

2019இல் எதிர்த்தவர்கள், அவர் எப்போதும் தென்னாபிரிக்கர்தான் என்றனர். ஆதரித்தவர்களோ, அயர்லாந்து கைவிட்ட பின்னரே அவர் போனார் என்றனர். இரண்டிலும் உண்மை உண்டு. எந்த விதியும் பறிக்காத, ஆனால் எந்த விதியும் திருப்பித் தரவும் முடியாத உலகக் கிண்ண வாய்ப்பை இழந்தவர் டோனர். இன்று வசிப்புக் காலம் ஐந்தாண்டுகளாகிவிட்டது. ஆனாலும், புதிதாக வந்தவருக்கு இடம் கொடுக்கும்போது யார் வெளியேறுகிறார் என்ற கேள்வியை அடுத்த தெரிவிலும் இரசிகர்கள் கேட்கத்தான் போகிறார்கள்.