ஒரே அலைவரிசையில் இருவர்

இலக்கியக் கூட்டத்தில் செல்போன் டவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் செவிலியர் டிப்ளமா படித்தவள், பொறியாளர் அல்ல. ஆனால் எங்கள் வார்டில் நோயாளியின் மார்பில் தொங்கும் சின்னப் பெட்டி, அவருடைய இதயத் துடிப்பைக் கூரையில் இருக்கும் ஆன்டெனாவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இத்தனை பெட்டிகள் ஒரே காற்றில் பேசும்போது ஒன்றோடொன்று ஏன் குழம்புவதில்லை என்று தேடப் போய்த்தான் இந்தக் கதைக்குள் வந்தேன்.

டவரிலிருந்து கைபேசிக்கு வருவது சுலபமான பாதை. டவருக்கு மின்சாரம் உண்டு, பல வாட் சக்தியில் உரக்கப் பேசும். கைபேசி திருப்பிப் பேசுவதுதான் சிரமம். 4ஜி கைபேசியின் உச்ச சக்தி பொதுவாக 0.2 வாட். இந்த மேலேறும் பாதைக்கு அப்லிங்க் என்று பெயர். அலைக்கற்றையோ அளவானது, கேட்பவர்கள் ஏராளம். இரண்டு பேர் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசினால் இருவரும் கெட்டார்கள் என்பதுதான் ரேடியோவின் பழைய விதி.

அந்த விதியை அசைத்தவர்களில் ஒருவர் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். (இந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஊர்ப் பங்குக் கோயில்தான் ஞாபகம் வந்தது. அந்த வரிசையில் நான்கு ஆரோக்கியசாமிகளாவது இருப்பார்கள்.) பதினைந்து வயதிலேயே தேசிய ராணுவ அகாடமிக்குப் போய்க் கடற்படை அதிகாரியானவர். 1971 டிசம்பர் 9 அன்று ஐ.என்.எஸ். குக்ரி என்ற போர்க்கப்பலைப் பாகிஸ்தானின் நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி மூழ்கடித்தது. 194 பேர் இறந்தார்கள். கப்பலின் சோனாரால் எதிரியை உரிய நேரத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த இழப்புக்குப் பின் சோனாரை மேம்படுத்தும் வேலை, ஐ.ஐ.டி. டெல்லியில் இருந்த பால்ராஜிடம் வந்தது. பிறகு கொச்சியில் அவர் தலைமையில் உருவான ‘அப்சோ’ சோனார் 1983இல் கப்பலேறியது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஆர்வம் கூடியது. சோனார் என்பது பல காதுகளை அடுக்கி வைத்து, எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துக் கேட்கும் கலை. கடலில் கற்ற அந்தக் கணக்கோடு அவர் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். ஒரே அலைவரிசையில் பேசும் ஒலிபரப்பிகளைப் பல ஆன்டெனாக்களால் பிரிக்கும் சோதனை அங்கே நடந்தது. இரண்டு ஒலிபரப்பிகளும் நெருங்கினால் பிரிக்க முடியாது என்பது எதிர்பார்ப்பு. நெருங்கிய பிறகும் பிரிந்தன. காரணம், சிக்னல் சுவரிலும் மரத்திலும் பட்டுச் சிதறி, ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் வெவ்வேறு விதமாக வந்து சேர்ந்தது. அதுவரை தொல்லை என்று ஒதுக்கப்பட்ட சிதறல்தான் ஒவ்வொருவரின் குரலுக்கும் தனி ரேகையைக் கொடுத்தது. இரண்டு சமன்பாடு இருந்தால் இரண்டு மறைந்த எண்களைக் கண்டுபிடிக்கலாமே, பள்ளிக்கூடக் கணக்கு, அதேதான்.

1992இல் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1994இல் கிடைத்தது. அவர் தொடங்கிய ஐயோஸ்பான் நிறுவனத்தை 2003இல் இன்டெல் வாங்கியது. 2014இல் மார்கோனி பரிசு. ‘தமிழன் கண்டுபிடித்தான்’ என்று மட்டும் சொல்லிக் கைதட்ட எனக்கு மனமில்லை. அதே ஆண்டுகளில் பெல் ஆய்வகத்தில் டெலடாரும் ஃபோஷினியும் இதன் கணிதத்தை நிறுவினார்கள். அந்தக் கணிதம் இல்லாமல் உலகம் இதை நம்பியிருக்காது.

இன்றைய 4ஜி டவரில் அப்லிங்க் பங்கீடு 1 மில்லி விநாடிக்கு ஒருமுறை நடக்கிறது. 180 கிலோஹெர்ட்ஸ் அகலத் துண்டுகளாக அலைக்கற்றையை வெட்டி, யாருக்கு எத்தனை என்று டவர் முடிவு செய்கிறது. அருகில் இருப்பவருக்கே எல்லாவற்றையும் கொடுத்தால் மொத்த வேகம் கூடும். ஆனால் எல்லையில் இருப்பவர் வாயடைத்துப் போவார். அவசரப் பிரிவில் நின்ற எவருக்கும் இந்தச் சங்கடம் புரியும். தூரத்தில் இருப்பவருக்கு நிறையத் துண்டுகள் கொடுத்தும் பயனில்லை, அவருடைய 0.2 வாட் அத்தனையிலும் பரவி மெலிந்துவிடும். சில துண்டுகளே கொடுத்தால் குரல் குவிந்து டவருக்குக் கேட்கும். பல ஆன்டெனா உள்ள டவர், ஒரே துண்டை ஒரே நேரத்தில் இருவருக்கும் கொடுக்கலாம். அதற்கு ரேகை வேறுபட்ட இருவராகப் பார்த்து ஜோடி சேர்க்கிறது. வெட்டவெளியில் ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் இருவரின் ரேகை ஒன்றுபோல இருந்தால், அவர்களைப் பிரித்து, ஊரின் மறுகோடியில் பேசிக்கொண்டிருக்கும் வேறு யாரோடாவது சேர்த்துவிடும்.