காலணாவில் எழுந்த வரலாறு

பழனி மலைத்தொடரின் கீழ்மலைப் பகுதியில் அமைந்த தாண்டிக்குடி தொன்மை மிக்க ஊராகும். முருகப்பெருமான் இங்கிருந்து பழனிக்குத் தாண்டிச் சென்றமையால் இவ்வூர் இப்பெயர் பெற்றதென்பது ஊரார் வழங்கும் கதை. கதை ஒருபுறம் இருக்க, கல்லும் மண்ணும் தரும் சான்றுகளும் உள்ளன. இம்மலைகளில் பரவிக் கிடக்கும் கல்திட்டைகளைச் செண்பகனூர் இயேசு சபைத் துறவியரான ஆங்கிலாட், நியூட்டன் ஆகிய இருவரும் ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928 ஆம் ஆண்டில் வெளியிட்டது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தொல்லியல் அறிஞர் கா. இராஜன் தலைமையில் தாண்டிக்குடியில் அகழாய்வு நடைபெற்றது. பெருங்கற்கால ஈமக் குழிகளிலிருந்து சூதுபவள மணிகள் கிடைத்தன. ஏலமும் மிளகும் விளையும் இம்மலை பழங்காலத்திலேயே வெளியூர் வணிகத்தோடு தொடர்பு கொண்டிருந்தது என்பதற்கு அவை சான்றாயின.

இவை யாவும் நமக்குப் பெருமை தருவனவே. ஆயினும் ஒரு வினா எழுகின்றது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்தவனின் கழுத்து மணியை எண்ணிச் சொல்லும் வரலாறு, நூறு ஆண்டுகளுக்கு முன் காப்பித் தோட்டத்துக்காகக் காடு திருத்திய உழைப்பாளியின் பெயரைச் சொல்லுகின்றதா? சொல்லவில்லை. இது அறிஞர்களின் குறையன்று. அவர்கள் தாம் தேட வந்ததைத் தேடினர், கண்டதை எழுதினர். நம்மைப் பற்றிய வினாவை நாம்தாம் எழுப்புதல் வேண்டும். அதற்குரிய பொருளையும் நாம்தாம் திரட்டுதல் வேண்டும். வறியவர்களால் இது இயலுமா என்று ஐயுறும் இளைஞர்களுக்கு, முன்னோர் இதனைச் செய்து காட்டிய வகையை இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

மலையூரில் எழுந்த குரல்

நம்முடையதைப் போன்ற மற்றொரு மலையில்தான் அம்முயற்சி தொடங்கியது. பண்டிதர் அயோத்திதாசர் நீலகிரியில் வாழ்ந்த காலத்தில் ஒடுக்கப்பட்ட மக்களை ஒன்றுதிரட்டினார். 1891 ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் உதகமண்டலத்தில் திராவிட மகாஜன சபையின் மாநாடு கூடியது. நம் மக்களை இழிபெயரால் ஏசுவோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளிகள் வேண்டும், நிலம் வேண்டும் என்பன போன்ற கோரிக்கைகளை அது அரசினர்முன் வைத்தது.

அதே நீலகிரியில் கணக்கராகப் பணிபுரிந்த இரட்டைமலை சீனிவாசன் பின்னர்ச் சென்னைக்கு வந்தார். எந்தப் பெயரைச் சொல்லிப் பிறர் இழித்தனரோ, அந்தப் பெயரையே தாங்கி 1893 ஆம் ஆண்டு அக்டோபரில் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா. முதல் இதழின் நானூறு படிகள் இரண்டே நாள்களில் விற்றுத் தீர்ந்தன என்று அவர் தம் வாழ்க்கைக் குறிப்பில் பதிந்துள்ளார். இரண்டாண்டுகளில் அவ்விதழுக்குச் சொந்த அச்சுக்கூடமும் அமைந்தது. அரசனின் மானியம் அதற்குத் துணையில்லை. வாங்கிப் படித்தவரும் படிக்கச் சொல்லிக் கேட்டவருமே துணை.

காலணாவும் அச்சுக்கூடமும்

1907 ஆம் ஆண்டு ஜூன் 19 ஆம் நாள் அயோத்திதாசர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழை வெளியிட்டார். அக்காலத்துப் பைசா என்பது காலணா. விலையையே பெயராகச் சூட்டிய இதழ் அது. ஏழை உழைப்பாளியும் இதனை வாங்கலாம் என்பதே அப்பெயரின் பொருள். ஓராண்டுக்குப்பின் அது ‘தமிழன்’ எனப் பெயர் சுருங்கிற்று.

இவ்விதழைத் தாங்கிய தோள்களில் பல கோலார் தங்கவயலில் இருந்தன. வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்று, நிலத்தின் ஆழத்தில் உயிரைப் பணயம் வைத்துப் பொன் வெட்டிய நம் மக்கள், மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் அமைத்தனர். ‘தமிழன்’ இதழுக்கு அச்சுக்கூடம் அமையவும் பொருளுதவி செய்தனர். அயோத்திதாசர் 1914 ஆம் ஆண்டில் மறைந்தபின், தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை அவருடைய எழுத்துகளை நூல்களாக அச்சிட்டுப் பரப்பியது. வெட்டிய பொன் கடல் கடந்தது. கூலியில் மிச்சம்பிடித்த காசு எழுத்தாகி நம்மிடம் நின்றது.

அந்த இதழில்தான் ‘இந்திரர் தேச சரித்திரம்’ தொடராக வெளிவந்தது. நம் மக்கள் பிறவியால் தாழ்ந்தவர்கள் அல்லர். பழம்பௌத்தர்களாகிய அவர்கள் பிற்காலத்தில் தாழ்த்தப்பட்டவர்களே என்று பண்டிதர் அதில் வாதிட்டார். அவர்தம் முடிபுகள் அனைத்தையும் இன்றைய ஆய்வாளர் ஏற்பதில்லை. ஆயினும் தாழ்வு இயற்கையன்று, அதற்குத் தொடக்கம் ஒன்று உண்டு, தொடக்கம் உள்ளதற்கு முடிவும் உண்டு என்னும் உணர்வை அவ்வெழுத்து ஊட்டியது. தன்மானத்தோடு கேட்கப்பட்ட அந்த வினாவை அச்சேற்றியது காலணாவே.

காத்தவர் கை

பொருள் திரட்டுவது பாதி வேலை. திரட்டியதைக் காப்பது மறுபாதி. ‘தமிழன்’ நின்றபின் அதன் ஏடுகள் நூலகங்களில் எளிதில் கிடைக்கவில்லை. பல்லாண்டுகள் பண்டிதரின் பெயரே பொதுமேடைகளில் ஒலிக்காமற் போயிற்று. அந்நிலையில் அன்பு பொன்னோவியம் அவர்கள் பழைய இதழ்களைத் தேடிச் சேர்த்துப் பேணி வந்தார். அவர் காத்த தொகுப்பு துணைநின்றமையால்தான், ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வழியே 1999 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்று பல்கலைக்கழகங்கள் அவரை ஆராய்கின்றன. ஒருவர் கரையானுக்கு இரையாகாமல் காத்த தாள்கள், ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் ஓர் இனத்தின் நினைவை மீட்டுத் தந்தன.

கடல் கடந்த சான்று

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெற்றோருக்குப் பிறந்த கார்ட்டர் உட்சன், கறுப்பின மக்களின் வரலாற்றை ஆராய 1915 ஆம் ஆண்டில் ஒரு சங்கம் அமைத்தார். மறு ஆண்டில் ஆய்விதழ் தொடங்கினார். 1926 ஆம் ஆண்டில் கறுப்பினத்தார் வரலாற்று வாரம் என்னும் விழாவை ஏற்படுத்தினார். தொடக்கத்தில் செல்வர்தம் அறநிலையங்கள் நிதி வழங்கின; பின்னர் அவ்வுதவி வற்றியது. அப்போது சங்கம் மடிந்துவிடவில்லை. கறுப்பினப் பள்ளி ஆசிரியரும் திருச்சபையாரும் பொதுமக்களும் அளித்த சிறுதொகைகளே அதனை வாழவைத்தன. செல்வரின் கொடை நிற்கலாம். மக்களின் சந்தா நிற்பதில்லை என்பதே அச்சங்கம் தரும் பாடம்.

ஏடு காத்தால் நிலம் காக்கலாம்

வரலாறு வெறும் பெருமைப் பேச்சு என்று எண்ணுவோர்க்கு ஒன்று கூறுவோம். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலையை ஆராய்ந்து 1891 ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1892 ஆம் ஆண்டு செப்டம்பர் 30 ஆம் நாளிட்ட அரசாணைப்படி, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் நாம் வழங்குவது இதுவே. அதனைப் பிற வகுப்பார்க்கு விற்றல் கூடாது என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது. இருந்தும் அந்நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. அவற்றை மீட்கும் போராட்டத்தில் 1994 ஆம் ஆண்டு அக்டோபர் 10 ஆம் நாள் செங்கற்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாயினர்.

அத்தகைய நிலத்தைக் கேட்டு நிற்கும் குடும்பத்திடம் அலுவலகம் முதலில் கேட்பது என்ன? பட்டா எங்கே, பழைய பதிவேட்டின் படி எங்கே, வரி கட்டிய இரசீது எங்கே என்பதே. பாட்டன் பெட்டியில் மடித்து வைத்த ஒரு தாள், பேரனின் உரிமைக்கு உயிராக அமைகின்றது. ஆதலின் ஏட்டைக் காப்பது வாழ்வைக் காப்பதாகும்.

நாம் செய்ய வேண்டுவன

நம் மலையூர்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடும் வழக்கம் உண்டு. ஏழையும் அதனைத் தயங்காது செலுத்துகின்றான். எவர் கொடுத்தார், எவ்வளவு செலவாயிற்று என்பது ஊர் கூடிய இடத்தில் படிக்கப்படுகின்றது. அதே முறையில், தலைக்கட்டுக்கு ஒரு சிறுதொகை வரலாற்றுக்கென ஒதுக்குவோம். வீட்டில் உலை வைக்கும்போது பிடியரிசி எடுத்து வைக்கும் தாய்மார்களும் இதில் பங்கு கொள்ளட்டும். வாங்கும் காசுக்கு இரசீது கொடுப்போம். ஆண்டுக்கு ஒருமுறை கணக்கைச் சபையில் படிப்போம். கணக்குத் தூய்மையாக இருந்தால் காசு தானே வரும்.

அத்தொகையைக் கொண்டு மூன்று பணிகளை மேற்கொள்வோம். தோட்ட வேலை செய்த முதியோர் சொல்வதை அவர்தம் பேச்சிலேயே எழுதியும் ஒலிப்பதிவு செய்தும் வைத்தல் முதலாவது. பட்டா, இரசீது, பள்ளிச் சான்றிதழ், பழைய புகைப்படம் ஆகியவற்றுக்குப் படியெடுத்து, மூலத்தை உரியவரிடமே திருப்பித் தருதல் இரண்டாவது. மலைமழையின் ஈரமும் கரையானும் அணுகாத இரும்பு அலமாரி ஒன்றில் அப்படிகளைப் பேணுதல் மூன்றாவது. படித்த இளைஞர் ஒவ்வொருவரும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு அளித்தால் போதும்.

1916 ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 25 மாணவர்களோடு தொடங்கிய நந்தனார் பள்ளி, தலைமுறைகளுக்கு அறிவொளி ஊட்டிய கல்வி நிலையமாக வளர்ந்தது. அத்தகைய முயற்சியை ஆராய முற்படுவோர் முதலில் தேடுவன மாணவர் சேர்க்கை ஏடும் நன்கொடைக் கணக்குமே. வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்துக்கும் இது பொருந்தும். இருபத்தைந்து ஆண்டுகளின் இரசீதுப் புத்தகங்களைப் பழந்தாள் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். நம் பிள்ளைகள் படிப்பதற்காக எவர் எவர் தம் கூலியில் ஒரு பங்கைக் கொடுத்தனர் என்பது அவற்றின் அடிக்கட்டைகளில் மட்டுமே எழுதப்பட்டிருக்கின்றது. இவ்விழா முடிந்ததும் முதற்பணியாக அவற்றைத் திரட்டி, ஆண்டு வரிசையில் அடுக்கி, அட்டை கட்டுவோம். நம் வரலாற்றின் முதல் தொகுதி அதுவாகவே இருக்கட்டும்.