ரோஜர் மெக்பிரைடும் ஒற்றை வாக்கும்: அமெரிக்கச் சிறுகட்சித் தலைவர் ஒருவரின் அரசியல் வாழ்வு

சிறுகட்சிகளின் வரலாறு பெரும்பாலும் தோல்விகளின் பட்டியலாகவே எழுதப்பெறுகிறது. அமெரிக்க லிபர்டேரியன் கட்சியின் தலைவர்களுள் ஒருவரான ரோஜர் மெக்பிரைடின் (1929–1995) அரசியல் வாழ்வு அப்பட்டியலுள் அடங்காத ஒரு வினாவை எழுப்புகிறது: மக்கள் ஒப்படைத்த வாக்கைத் தம் மனச்சான்றின்படி அளிக்க ஒருவருக்கு உரிமை உண்டா?

அரசின் அதிகாரத்தைக் குறைத்துத் தனிமனிதச் சுதந்திரத்தைப் பெருக்குவதே லிபர்டேரியன் கொள்கையின் சாரமாகும். இக்கொள்கையை மெக்பிரைடு எழுத்தாளர் ரோஸ் வைல்டர் லேனிடம் கற்றார். பின்னர் அவருடைய வழக்கறிஞராகவும் மரபுரிமையாளராகவும் விளங்கினார். 1960களின் முற்பகுதியில் குடியரசுக் கட்சியின் சார்பில் வெர்மாண்ட் மாநிலச் சட்டமன்றத்தில் அமர்ந்தார்.

அதிபர் நிக்சன் 1971 ஆகஸ்டில் விதித்த ஊதிய, விலைக் கட்டுப்பாடுகள் சுதந்திரவாதிகளிடையே அதிருப்தியை வளர்த்தன. அவ்வாண்டு டிசம்பரில் கொலராடோவில் லிபர்டேரியன் கட்சி தோன்றியது. 1972 தேர்தலில் அக்கட்சியின் வேட்பாளராகிய மெய்யியல் பேராசிரியர் ஜான் ஹாஸ்பர்ஸ் இரண்டு மாநில வாக்குச்சீட்டுகளில் மட்டுமே இடம்பெற்றார். பெற்ற வாக்குகள் நான்காயிரத்தையும் எட்டவில்லை.

அமெரிக்க அதிபரை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்வதில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் தெரிவாகும் தேர்வாளர்களே டிசம்பரில் வாக்களிப்பர். வர்ஜீனியாவில் நிக்சனுக்கு வாக்களிக்கத் தெரிவான பன்னிருவருள் மெக்பிரைடும் ஒருவர். அவரோ ஹாஸ்பர்சுக்கும் துணை அதிபர் வேட்பாளர் டோனி நேத்தனுக்கும் வாக்களித்தார். தேர்வாளர் வாக்கைப் பெற்ற முதற்பெண் என்னும் சிறப்பு நேத்தனுக்குக் கிட்டியது. நிக்சன் 520, மெக்கவர்ன் 17, ஹாஸ்பர்ஸ் 1 என முடிவு பதிவாயிற்று.

தேர்வாளர் குழுவைப் பற்றி 1953லேயே நூலெழுதிய மெக்பிரைடு இதனை அறியாது செய்தார் என்பதற்கில்லை. தேர்வாளர்கள் சீர்தூக்கித் தெரிவு செய்யவேண்டும் என்ற ஹாமில்டனின் கருத்து அவர் செயலுக்கு அரண் செய்கிறது. எனினும், ஒருவரின் இசைவின்றி அவர்பொருட்டு எவரும் முடிவெடுத்தலாகாது என்பதே லிபர்டேரியன் கோட்பாடு. நிக்சனை விரும்பிய வர்ஜீனிய வாக்காளர் இசைவு தந்திலர். ஆதலின் கட்சிக்கு நாடறிந்த பெயரைத் தேடித்தந்த அவ்வாக்கே அதன் அடிப்படைக் கோட்பாட்டோடு முரண்பட்டது.

1976இல் மெக்பிரைடே அதிபர் வேட்பாளரானார். 32 மாநில வாக்குச்சீட்டுகளில் இடம்பெற்று ஏறத்தாழ 1,72,000 வாக்குகளைப் பெற்றார். மொத்த வாக்குகளில் இது 0.2 விழுக்காடே எனினும் கட்சி வேரூன்றியதற்குச் சான்றாகும். 1980இல் எட் கிளார்க் ஒன்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். மெக்பிரைடோ 1980களில் குடியரசுக் கட்சிக்கே திரும்பினார். சுதந்திரக் கொள்கையைப் பெரிய கட்சியின் உள்ளிருந்தே வளர்க்க முனைந்தார்.

தேர்வாளர்களை மாநிலங்கள் வாக்குறுதிக்குக் கட்டுப்படுத்தலாம் என 2020இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டச் சிக்கல் அத்துடன் தீர்ந்தது; அறச்சிக்கல் தீரவில்லை. கொள்கைக்காகப் பிறர் நம்பிக்கையை மீறியவரைத் துணிவுடையார் என்பதா, கடமை தவறியவர் என்பதா? மெக்பிரைடின் வாழ்வு இரண்டிற்கும் இடந்தருகிறது. வாக்கு எண்ணிக்கை மட்டுமே நோக்கும் வரலாறு அவ்விரண்டையும் காணாது கடந்துவிடும்.