செப்பேட்டிலிருந்து நாவுக்கு: தென்னிந்தியாவில் எபிரேயம் வந்த வழி

பெங்களூர் மைசூர் சாலையில் யூதர்களுக்கென ஒரு சிறிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1904-ல் ஏற்பட்டது. கமர்ஷியல் தெருவில் காலணிக் கடை நடத்திய பாக்தாத் யூதர் ரூபன் மோசஸின் பெயரோடு சேர்த்தே நகரத்தார் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். யூதக் கல்லறைக் கற்களில் பெரும்பாலும் மேலே இரண்டு எழுத்துகள் இருக்கும்: பே, நூன். 'இங்கே அடக்கம்' என்பதன் சுருக்கம். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். கொச்சியிலும் மும்பையிலும் இருப்பதுபோன்ற பழைய யூத ஜெபாலயம் பெங்களூரில் எழவில்லை. ஆகவே இந்த நகரத்தில் எபிரேயத்துக்குக் கிடைத்த முதல் நிலையான முகவரி ஒரு கல்லறைத் தோட்டம் என்றே சொல்லலாம்.

எபிரேயத்தை இன்று யார் பேசுகிறார்கள் என்ற கேள்விக்கு, இஸ்ரேலியர்கள் என்பது எளிய பதில். அது சரியான பதிலும்கூட. ஆனால் தென்னிந்தியாவில் நின்று அதே கேள்வியைக் கேட்டால் விடை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு நீள்கிறது.

கி.பி. 849-ஐச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் கொல்லத்துக் கிறிஸ்தவர்களுக்கு வேணாட்டு ஆட்சியாளர் அளித்த உரிமைகளைச் சொல்பவை. சாசனம் வட்டெழுத்தில் இருக்கிறது. தமிழறிந்தவர் பெரும்பகுதியைப் புரிந்துகொள்ளலாம். கடைசி ஏட்டில் சாட்சிகள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். சிலர் அரபியில், சிலர் பஹ்லவியில், சிலர் எபிரேய எழுத்தில். இந்தக் கடைசிக் கூட்டம் வணிகம் செய்ய வந்த யூதர்கள். எழுத்துதான் எபிரேயம், மொழி பாரசீகம். இந்தச் சிறு விவரத்தைக் கடந்து போய்விடக் கூடாது. தென்னிந்தியாவில் எபிரேயம் நெடுங்காலம் எப்படி வாழ்ந்தது என்பது அந்தக் கையெழுத்துகளிலேயே தெரிகிறது: எழுதுவது ஒன்று, பேசுவது வேறொன்று.

கி.பி. 1000-ஐ ஒட்டி யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு 72 உரிமைகளோடு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் பொறுப்பை அளித்த பாஸ்கர ரவிவர்மனின் செப்பேடும் வட்டெழுத்தில்தான். சேந்தமங்கலத்தில் 1269-ல் நடப்பட்ட சாரா என்ற யூதப் பெண்ணின் கல்லறைக் கல்லோ எபிரேயத்தில். ஊராரோடு வழக்காட ஊர்மொழி, இறைவனோடு பேச எபிரேயம் என்று கொச்சி யூதர்கள் பிரித்து வைத்திருந்தார்கள். வீட்டில் மலையாளம். பெண்கள் தங்கள் மலையாளப் பாட்டுகளைக் கையெழுத்து நோட்டுகளில் எழுதி வைத்துப் பாடினார்கள். கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் யூதர்கள் வீட்டில் மராத்தி.

தமிழுக்கு எபிரேயத்தோடு உள்ள உறவு வேறு வாசல் வழியாக வந்தது. கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில், சாலமோனின் கப்பல்கள் கொண்டுவந்த 'துக்கி' என்ற பறவையின் பெயர் தமிழ்த் 'தோகை'யிலிருந்து சென்றது என்று வாதிட்டார். அறிஞர் பலர் ஏற்ற கருத்து இது. இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி; மயிலுக்கு 'தவாஸ்' என்று வேறு சொல் இருக்கிறது. கால்டுவெல்லுக்கு முன்பே, பதினெட்டாம் நூற்றாண்டில், சென்னை வேப்பேரியில் இருந்த பப்ரிசியுஸ் பழைய ஏற்பாட்டை எபிரேய மூலத்திலிருந்து தமிழாக்கினார். சிவாஜிநகர் புனித மரியன்னை பசிலிக்காவின் தமிழ்ப் பூசையில் இன்று ஒலிக்கும் ஆமென், அல்லேலூயா இரண்டும் எபிரேயச் சொற்களே.

எபிரேய மூலத்தைப் படிக்கும் அந்த மரபு பெங்களூரில் வகுப்பறைக்குள் தொடர்கிறது. 1910-ல் தொடங்கப்பட்ட ஐக்கிய இறையியல் கல்லூரி மில்லர்ஸ் சாலையில் இருக்கிறது. அங்கே விவிலிய எபிரேயம் கற்பிக்கப்படுகிறது. படிப்பவர்கள் அதைப் பேசுவதில்லை. வேர்ச்சொல் பார்த்து, வினைத்திரிபு பார்த்து, வரி வரியாக அவிழ்க்கிறார்கள். ஆதியாகமத்தின் இரண்டாம் வசனத்திலேயே 'மாயிம்' வந்துவிடும். தண்ணீர் என்று பொருள்.

உலக அளவிலும் எபிரேயம் ஏறத்தாழ பதினேழு நூற்றாண்டுகள் யாருக்கும் தாய்மொழியாக இல்லாமல் இருந்தது. 1881-ல் எருசலேமில் குடியேறிய எலியேசர் பென் யெகுதா, அடுத்த ஆண்டு பிறந்த தம் மகனை எபிரேயம் மட்டுமே பேசி வளர்த்தார். 1922-ல் பிரித்தானிய ஆட்சி அதை அரசு மொழிகளில் ஒன்றாக்கியது. 1948-க்குப் பின், பெரும்பாலும் ஐம்பதுகளில், கொச்சி யூதர்கள் இஸ்ரேலுக்குப் போய் நெவாதிம் போன்ற ஊர்களில் குடியேறினார்கள். தாத்தா ஜெபித்த மொழி பேரப்பிள்ளைக்கு விளையாட்டு மொழியானது. மலையாளம் பாட்டி வாயோடு நின்றது. அதை இழப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தியாவுக்குப் பேச்சு எபிரேயம் திரும்பி வந்தது, படைப்பணி முடித்து முதுகில் பையோடு வரும் இஸ்ரேலிய இளைஞர்கள் மூலம். 1992-ல் இந்தியாவும் இஸ்ரேலும் முழுத் தூதரக உறவு ஏற்படுத்திக்கொண்டபின் இந்த வரத்து பெருகியது. கர்நாடகத்தில் ஹம்பியும் கோகர்ணமும் அவர்கள் தங்கும் இடங்கள். ஹம்பிக்கு எதிர்க்கரையில் விரூபாபுர கட்டே என்ற ஊரில் விடுதிகளின் பெயர்ப்பலகையும் உணவுப் பட்டியலும் எபிரேயத்தில் இருந்தன. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2020-ல் அந்த விடுதிகள் இடிக்கப்பட்டன.

இவை அனைத்தையும்விட முக்கியமான மாற்றம் எதிர்த் திசையில் நடந்திருக்கிறது. 2023 கணக்கில் இஸ்ரேலில் இருந்த இந்தியக் குடிமக்கள் ஏறத்தாழ 18,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் முதியோரை வீட்டோடு இருந்து கவனித்துக்கொள்பவர்கள். கேரளத்தவரே மிகுதி, மங்களூர்ப் பக்கத்தவரும் உண்டு. எழுத்து தெரியாமலேகூட மொழி காதுவழி வந்துவிடுகிறது. 'சாவ்தா' என்றால் பாட்டி. 'கோஎவ் லி' என்றால் எனக்கு வலிக்கிறது. நள்ளிரவில் படுக்கையிலிருந்து 'மாயிம்' என்று குரல் வந்தால் எழுந்து தண்ணீர் கொடுக்க வேண்டும். மில்லர்ஸ் சாலை வகுப்பறையில் அகராதி புரட்டிப் பொருள் காணும் அதே சொல் அது.

செப்பேட்டில் கையெழுத்திட்ட வணிகரையும் மொழிபெயர்த்த பாதிரியாரையும் பற்றி நம் ஆய்வாளர்கள் விரிவாக எழுதிவிட்டார்கள். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து எபிரேயம் கற்ற பெண்களின் பேச்சும் அதே அக்கறையோடு பதிவாக வேண்டும். வேலை முடித்து ஊர் திரும்பியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மொழியியல் துறைகள் அவர்களை இப்போதே தேடிப் போக வேண்டும்.