காத்தாடியிலிருந்து காது நத்தை வரை

மேல்காற்றுக் காலத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் தொடங்கி ராதாபுரம், திசையன்விளைப் பக்கமெல்லாம் காற்றாலைக் காத்தாடிகள் ஓய்வதில்லை. ஒன்றுக்கு மூன்று இறக்கை. நிமிடத்துக்கு 15 சுற்று என்று வைத்துக்கொள்வோம். தூணுக்கு முன்னால் காற்று சற்றே தேங்கியிருக்கும். ஒவ்வொரு இறக்கையும் அந்தத் தேக்கத்துக்குள் புகுந்து வெளியேறும்போது காற்றழுத்தத்தில் ஒரு துடிப்பு பிறக்கிறது. நிமிடத்துக்கு 45 துடிப்பு, அதாவது 0.75 ஹெர்ட்ஸ்.

பிறந்தது சின்னத் துடிப்பு. அலை நீளமோ 450 மீட்டருக்கு மேல். பனையும் மதிலும் ஓட்டு வீடும் அதற்கு ஒரு பொருட்டில்லை. காது மடலும் அப்படித்தான். இரண்டரை சென்டிமீட்டர் செவிக்குழாயில் அழுத்தம் மொத்தமாக ஏறி, மொத்தமாக இறங்குகிறது.

செவிப்பறை அசைய, சுத்தி, பட்டடை, அங்கவடி எலும்புகள் அதை வாங்கிக் கடத்துகின்றன. ஆனால் இவை பேச்சொலிக்கு வாகானவை. இவ்வளவு மெதுவான அசைவைக் குறைத்தே கொடுக்கும். மிச்சம், உட்காதின் சுருள் குழலான காது நத்தைக்குள் நீரைத் தள்ளுகிறது. நத்தையின் உச்சியில் மேல் அறையையும் கீழ் அறையையும் இணைக்கும் ஒரு சிறு துளை உண்டு, பெயர் ஹெலிகோட்ரீமா. வேகமான ஒலிக்கு அதுவரை போக அவகாசமில்லை; நடுச் சவ்வை ஆட்டிவிட்டு அடங்கிவிடும். மெதுவான அழுத்தத்துக்கோ அது மடை திறந்த மாதிரி. நீர் அவ்வழியே நகர்ந்து இருபுறமும் சமமாகிவிட, சவ்வு அதிகம் அசைவதில்லை. மூளைக்குச் சேதி சொல்லும் உள்முடிச் செல்களும் நீரின் வேகத்துக்கே மசிபவை. வெளிமுடிச் செல்கள்தான் மெல்லிய அசைவையும் உணரக்கூடியவை. காத்தாடியின் கேளா ஒலி உடம்பைப் பாதிக்குமா என்ற சர்ச்சையில் அடிபடுவது இதுதான்.

20 ஹெர்ட்ஸுக்குக் கீழே காது செவிடு என்று பாடப்புத்தகம் சொல்வது முழு உண்மையில்லை. ஒலி பலமாக இருந்தால் கேட்கும்; 10 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 97 டெசிபல் வேண்டும், இன்னும் கீழே போனால் அதற்கும் மேல். காத்தாடித் துடிப்பு வீட்டு வாசலில் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. சிட்னியின் வூல்காக் நிறுவன ஆய்வாளர்கள் சத்தம் பொறுக்காத 37 பேரை 72 மணி நேரம் இத்தகைய தாழ்வொலியில் இருத்திப் பார்த்து, 2023-இல் முடிவை வெளியிட்டார்கள்: தூக்கம் கெடவில்லை.

அதற்காக, காத்தாடியால் தூக்கம் போகிறது என்று ஊர்க்காரர்கள் சொல்வது பொய்யென்று ஆகாது. இறக்கையின் 'உஷ்... உஷ்...' நன்றாகவே காதில் விழும் ஒலி. தூக்கத்தைக் கெடுப்பதும் அதுவே. கேளா ஒலியைத் துரத்தாமல், இந்தக் கேட்கும் ஒலியை இரவில் வாசலில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். குடியிருப்புக்கு இரவு வரம்பு 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இருக்கிறது.